எந்த வீட்டுச் சாமான்னு கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகளப் பத்தி ரெண்டு பத்தி எழுதினதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப் பேர் விலையப் பத்தி கேட்டிருக்கீங்க, மீதிப் பேர் அங்க இருக்குற மனுசங்களப் பத்தி. எனக்கு மனசுக்கு நெருக்கம் ரெண்டாவதுதான், அதனால அதுக்குத்தான் இந்தத் தடவை இடம் ஜாஸ்தி. சந்தை, மாட்டுத் தரகு, பண்டமாத்துன்னு பக்கத்து விஷயங்களும் கொஞ்சம் வந்திருக்கு, அதையும் சேத்துட்டேன்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். பழைய சாமான் கடைங்களுக்குப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா விலை கேக்கவே பயமா இருக்கு. கேட்டுட்டு வாங்கலன்னா திட்டுவாங்களோன்னு தோணுது. எப்படிப் போய் நிக்கிறது, என்ன பேசுறது?
ஒரு வாசகர், மதுரை

பதில்: பயப்பட ஒண்ணுமே இல்ல தம்பி. மொதல்ல அந்தத் தெருவோட பழக்கத்தப் புரிஞ்சுக்கங்க, மத்தது தானா வந்துரும். காலைல கடை தொறந்த கையோட உள்ள இருக்குறதுல பாதி வெளிய வந்துரும், வாசல்ல மரத்தூணச் சாத்தி வச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ தேக்குப் பெட்டி, பெட்டி மேல பித்தளை அண்டா, அண்டாக்குள்ள கரண்டியும் மூடியுமா அள்ளிப் போட்டிருக்கும், அதக் கிளறுனா அடில ஒரு பாக்குவெட்டி கெடைக்கும், அது யாரு வச்சதுன்னு கடைக்காரருக்கே ஞாபகம் இருக்காது. கடைக்காரர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பார், இல்ல ஒரு செம்புக்குப் புளி போட்டுத் தேச்சுக்கிட்டு இருப்பார். நீங்க வந்தத கண்டுக்காத மாதிரிதான் இருக்கும். ஆனா நீங்க ஒரு சாமான எப்படி எடுக்குறீங்க, ஒரு கையால தூக்குறீங்களா ரெண்டு கையாலயா, எடுத்த எடத்துலயே திருப்பி வைக்கிறீங்களான்னு எல்லாத்தயும் பாத்துக்கிட்டே இருப்பார். அத வச்சே உங்கள எடை போட்டுருவார்.

எடுத்த உடனே விலை கேக்காதீங்க. "இது எந்த ஊர்ப் பக்கம் வந்துச்சுண்ணே, எந்த வீட்டுச் சாமான்?"னு கேளுங்க. இதக் கேட்டா பேப்பர் கீழ போயிரும். கானாடுகாத்தான்ல ஒரு வீடு பிரிச்சாங்க, அதுல வந்ததுன்னு ஆரம்பிப்பார், அந்த வீட்டுல எத்தன கட்டு, எந்தக் கட்டுல இது கெடந்துச்சு, கூட என்னென்ன வந்துச்சு, அதெல்லாம் எங்க போச்சுன்னு ஒரு கதையே வரும். வீட்டுக்காரங்க பேர மட்டும் சொல்ல மாட்டார். அதத் தோண்டிக் கேக்கவும் கூடாது, அந்தக் கடைக்காரங்க காலங்காலமா காப்பாத்திட்டு வர்ற மரியாத அது.

ஒரு நாள் நடந்தத சொல்றேன். சென்னைல இருந்து வந்த ஒரு அம்மா, நடுவுல குழி, அடில ஓட்டைன்னு இருந்த ஒரு மரக்கட்டைய எடுத்து "இது விளக்கு வைக்கிற ஸ்டாண்டா?"ன்னு கேட்டாங்க. கடைல இருந்த பெரியவர் எழுந்து வந்து, உள்ள தேடி அதோட ஜோடிக் கட்டையக் கொண்டாந்து குழிக்குள்ள விட்டு, வெறுங்கையால மாவு வைக்கிற மாதிரி வச்சு, ரெண்டு கையாலயும் அழுத்தி, கீழ வட்டமா சுத்திக் காமிச்சாரு. "முறுக்கு உரல்!"னு அந்த அம்மா கத்தினதுல பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பாத்தாரு. அப்புறம் அந்தம்மா அவங்க அப்பத்தா சுட்ட முறுக்கப் பத்தி பேச, பெரியவர் அவரோட அம்மா போட்ட கைமுறுக்கப் பத்தி பேச, விலை பேச்சு வர்றதுக்குள்ள ஒரு டீ வந்து குடிச்சு முடிச்சாச்சு. இப்படி ஒரு பேச்சு நடந்ததுக்கப்புறம் ரெண்டு பேராலயும் அநியாயமா விலை சொல்ல முடியாது, நான் இத எத்தனையோ கடைல பாத்துட்டேன்.

பேரம் பேசலாம், பேசணும், அது தப்பே இல்ல. ஆனா சாமான மட்டம் தட்டிப் பேசாதீங்க. "இது ஓட்டை, இது நசுங்கியிருக்கு, இதுக்கா இவ்ளோ"ன்னு ஆரம்பிச்சா அவர் பேப்பரத் திரும்ப எடுத்துருவார். "என் கைல இவ்ளோதான் இருக்குண்ணே"ன்னு உள்ளதச் சொல்லுங்க, சொல்லிட்டு சும்மா நில்லுங்க, அவசரப்பட்டு நீங்களே ஏத்தாதீங்க. ஒத்து வரலன்னா "சுத்திட்டு வர்றேன்"னு சொல்லிட்டுக் கிளம்புங்க, யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா நீங்க கேட்ட விலைக்கே அவர் "சரி எடுத்துக்க"ன்னு சொல்லிட்டா அப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாது. இது ஒண்ணுதான் அந்தத் தெருவுல பெரிய குத்தம், மறக்கவே மாட்டாங்க. காலைல மொத ஆளா போறப்ப இன்னும் கவனமா இருங்க, போணி ஆகுற நேரம், மொத வியாபாரக் காச கண்ணுல ஒத்திக் கல்லால போடுறவங்க இன்னமும் இருக்காங்க. சும்மா வேடிக்க பாக்கத்தான் போறீங்கன்னா பதினொரு மணிக்கு மேல போங்க.

கேள்வி: எங்க மாமியாரோட பித்தளை, எவர்சில்வர் சாமான் ரெண்டு அறை நெறைய கெடக்கு. எல்லாத்துலயும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கு. பிள்ளைகள் பெங்களூர்லயும் வெளிநாட்டுலயும் இருக்காங்க, யாருக்கும் வேண்டாங்கிறாங்க. விக்கிறதுன்னு முடிவாயிருச்சு. கேக்க வந்தவர் "விலாசத்த அரத்தால ராவிட்டுக் கொடுங்க"ன்னு சொல்றார். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வீட்டுலயும் அதையே சொல்றாங்க. எனக்கு மனசு வரல.
ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, ராவாதீங்க. தயவுசெஞ்சு ராவாதீங்க.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்த. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், வீட்டுல பேருக்கு முன்னால அய்யா, அவங்க அய்யான்னு மூணு நாலு தலைமுறை எழுத்து வரிசையா வரும், அதுதான் விலாசம். கல்யாணத்துக்குச் சாமான் வாங்குனா பாத்திரக்காரர் சின்ன உளியால புள்ளி புள்ளியாத் தட்டி அந்த எழுத்த வெட்டிக் கொடுப்பார், அண்டால இருந்து ஸ்பூன் வரைக்கும். ஒரே வளவுல, அதாவது முற்றத்தச் சுத்துன ஒரே பெரிய வீட்டுல, பத்துப் பதினஞ்சு புள்ளி, அதாவது பத்துப் பதினஞ்சு குடும்பம், கூடி இருந்து விசேஷம் நடத்துறப்ப யாரு சாமான் எதுன்னு கலந்துரக் கூடாதுல்ல, அதுக்கு வந்த பழக்கம். கல்யாணத்துல பெண் வீட்டுச் சாமான எல்லாம் வரிசையாப் பரப்பி வச்சு ஊரே பாக்குற வழக்கமும் இருக்கு. அத்தன பேரு முன்னால கௌரவமா பரப்புன சாமான், இப்ப விக்கிறப்ப மட்டும் அந்திக்கு மேல பின் வாசல் வழியா சாக்குல கட்டிப் போகுது. அதுதான் உங்க மனச அறுக்குது, எனக்குப் புரியுது.

இதுல அசிங்கம் என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க ஆச்சி. பர்மாவுலயும் மலேயாவுலயும் கொழும்புலயும் சைகோன்லயும் கொண்டுவித்த காசுல கட்டுன வீடுக. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப போட்டது போட்டபடி விட்டுட்டு, கப்பல் கெடைச்சவங்க கப்பல்ல, கெடைக்காதவங்க காடு மலை தாண்டி நடந்து வந்தாங்க. வருமானம் நின்னு போச்சு, வீடு மட்டும் அப்படியே நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளி, ஓடு மாத்துறதுக்கே எல்லாரும் கூடி முடிவெடுக்கணும். இத்தன பெரிய சரித்திரம் அந்த அண்டாவுக்குப் பின்னால இருக்கு, ஒரு குடும்பம் சாமான விக்கிறதால அந்தக் குடும்பத்துக்கு என்ன இழுக்கு வந்துரும்? விலாசத்த ராவிட்டா அது எடைக்குப் போற வெறும் பித்தளை. இருந்தா அது ஒரு வீட்டோட சாமான். வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல யாராச்சும் ஒரு பிள்ள அந்த எழுத்தத் தடவிப் பாத்து "இது யாரும்மா"ன்னு கேக்கும். வெலையும் கூடத்தான் கெடைக்கும், விவரமானவங்க விலாசம் இருக்குற சாமானத் தேடி வாங்குறாங்க, ராவுன எடத்துல பள்ளமா தேஞ்சு போயிருந்தா தள்ளி வச்சுருவாங்க.

விக்கிறதுக்கு முன்னால ரெண்டு வேல செய்ங்க. எல்லாத்தயும் பட்டாலைல, அதாங்க கூடத்துல, பரப்பி போட்டோ எடுத்து, எது யாரு கல்யாணத்துக்கு வந்ததுன்னு உங்களுக்குத் தெரிஞ்சத ஒரு நோட்டுல எழுதிருங்க, உங்களுக்கு அப்புறம் அதச் சொல்ல ஆள் கிடையாது. முறைச்சிட்டை இருந்தா, அதாங்க சீர் கணக்கு எழுதுன பழைய ஏடு, அத மட்டும் எடைக்குப் போட்டுராதீங்க, அது காகிதம்னு நினைச்சுப் போடுறவங்க நெறைய. அப்புறம், பங்காளி வீட்டுல ஒருத்தருக்காவது போன் போட்டுச் சொல்லிட்டு வில்லுங்க. எங்கயோ ஒரு பேரன் "அந்தத் தூக்கு மட்டும் எனக்கு வேணும் ஆச்சி"ன்னு சொல்லலாம். கேக்க வந்தவர் பிடிவாதமா ராவச் சொன்னா அவரை விட்டுட்டு வேற ஆளப் பாருங்க.

கேள்வி: மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தப்ப சான் ஓசேல ஒரு பெரிய திறந்தவெளி பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்வாப் மீட்னு வேற ஒரு ஊர்ல சொன்னாங்க. ரொம்பப் பிடிச்சது. வசதியானவங்களே மேசை போட்டு தன் வீட்டுச் சாமான விக்கிறாங்க. நம்ம செட்டிநாட்டுல ஏன் இப்படி ஒண்ணு நடத்தக் கூடாது?
ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: சார், நீங்க பாத்தது அநேகமா பெரியெஸ்ஸா ரோட்டுல இருக்குறதா இருக்கும். அது 1960ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் குப்பை கொட்டுற தொழில்ல இருந்தவர், நல்லா இருக்குற சாமானெல்லாம் குப்பைக்கு வர்றதப் பாத்துட்டுத்தான் அந்த யோசனையே வந்துச்சும்பாங்க. இப்ப பக்கத்துலயே ரயில் நிலையம் வந்து, அந்த எடத்துல கட்டடம் கட்ட 2021ல நகராட்சி அனுமதி கொடுத்துருச்சு, கடை போட்டிருந்தவங்க உண்ணாவிரதம் வரைக்கும் போனாங்க. மெக்சிகோக்காரங்களும் வியட்நாம்காரங்களும் குடும்பத்தோட உக்காந்து ரெண்டு தலைமுறையா பிழைச்ச எடம், அவங்க கோபத்துல நியாயம் இருக்கு. அந்த நாட்டுல நெறைய ஸ்வாப் மீட் கார்ல உக்காந்து படம் பாக்குற திறந்தவெளித் தியேட்டர் மைதானத்துல வளந்தது, ராத்திரி படம், பகல்ல மைதானம் காலி, காசு கட்டி எடம் பிடிச்சா யாரு வேணா கடை போடலாம். சில எடத்துல விடியறதுக்கு முன்னால உள்ள போறவங்களுக்கு டிக்கெட் விலை கூட, வெயில் ஏற ஏற கொறையும், நல்ல சாமான் விடியகாலைலயே போயிரும்ல.

நம்ம ஊர்ல மைதானத்துக்கா பஞ்சம்? ஊருக்கு ஊர் ஊருணிக் கரை இருக்கு, கோவில் பொட்டல் இருக்கு. பிரச்சன வேற. அங்க ஒரு டாக்டரும் வக்கீலும் ஞாயித்துக்கிழமை மேசை போட்டு தன் மிக்ஸியத் தானே வித்துட்டு, பக்கத்து மேசைக்காரர்கிட்ட பேசிச் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போறார். இங்க வீட்டுச் சாமான் வெளிய போனாலே "என்னாச்சு அந்த வீட்டுக்கு, வித்துத் தின்ற அளவுக்கு வந்துருச்சா"ன்னு கேப்பாங்க. மேல கடிதம் எழுதுன ஆச்சியோட கவலையே அதுதான. அதனாலதான் இங்க வீட்டுக்காரங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல தரகரும் கடைக்காரரும் வந்தாங்க. அவங்க சம்பாதிக்கிறது சாமானால மட்டும் இல்ல, வீட்டுக்காரங்க பேரு வெளிய வராமப் பாத்துக்கிறதும் அவங்க வேலதான்.

அதுனால நடக்கவே நடக்காதுன்னு சொல்ல வரல. விக்கிறதுன்னு ஆரம்பிக்காம மாத்திக்கிறதுன்னு ஆரம்பிங்க. ஒவ்வொரு வீட்டு உள் அறைலயும் ஒரே மாதிரி டிபன் கேரியர் ஒரு டஜன் இருக்கும், ஒரே அளவு குத்துவிளக்கு நாலு ஜோடி இருக்கும், சீர்ல வந்தது, பிரிக்காத கட்டோட கெடக்கும். இன்னொரு வீட்டுல விளக்கே இருக்காது, ஆனா ஜாடியா நிக்கும். ஊர்த் திருவிழாவுக்குப் பிள்ளைக எல்லாம் வந்து கூடுற ரெண்டு நாள்ல கோவில் மண்டபத்துல ஆளுக்கொரு பாய் விரிச்சுப் பரப்பி, காசு கை மாறாம மாத்திக்கலாம். காசு இல்லன்னா "வித்துட்டாங்க"ங்கிற பேச்சும் இல்ல. சாமான் பரப்புறதும் பாக்குறதும் நம்ம ஊருக்குப் புதுசா என்ன? உங்கள மாதிரி ஊர்ல மதிக்கிற ஒருத்தர் மொதப் பாய விரிச்சா அடுத்த வருசம் பத்துப் பாய் வரும். செஞ்சீங்கன்னா எழுதுங்க, நானும் வந்து உக்காருறேன்.

கேள்வி: பண்டமாற்று எல்லாம் இப்ப எங்கயாவது நடக்குதா?
ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: உங்க தெருவுலயே நடக்குதுங்க. பழைய துணிக்குப் பாத்திரம், பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், இதெல்லாம் வேற என்ன? சங்க காலத்து உமணர் வண்டில உப்பக் கொண்டு வந்து நெல்லுக்கு மாத்துனாங்க, அதே கணக்குதான். பட்டுச் சேல ஒண்ணக் கொடுத்துட்டு ஒரு சின்ன எவர்சில்வர் வாளிக்கு அரை மணி நேரம் வாதாடுற பெண்களயும், "இந்த ஜரிகை போலிக்கா"ன்னு விரல்ல தேச்சுக் காட்டுற பாத்திரக்காரம்மாவயும் நின்னு கவனிச்சுப் பாருங்க, ரெண்டு பேரும் அவ்ளோ விவரம். பெரிய அளவுல பாக்கணும்னா அசாம் போகணும். மோரிகான் மாவட்டத்துல ஜாகிரோடு பக்கம் ஜோன்பில்னு ஒரு திருவிழா, தை மாசம் அவங்க மாக் பிஹு ஒட்டி வரும். மலைல இருந்து திவா சனங்க இஞ்சி, மஞ்சள், கிழங்கு கொண்டாருவாங்க, சமவெளிக்காரங்க கருவாடும் அரிசிப் பலகாரமும் கொண்டாருவாங்க, காசில்லாம மாத்திக்குவாங்க.

கேள்வி: பழைய ரவி வர்மா படம், எனாமல் சாமான் எல்லாம் ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒரு பூதக்கண்ணாடி எடுத்துட்டுப் போங்க. ரவி வர்மா அச்சகம் 1894ல பம்பாய்ல தொடங்குனது, அந்தக் காலத்துப் படம் எல்லாம் கல்லச்சு, ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லுன்னு ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சது. அதனால கண்ணாடி வச்சுப் பாத்தா புள்ளிக ஒழுங்கில்லாம, மணல் தெளிச்ச மாதிரி இருக்கும். இப்ப ஆப்செட்ல அடிச்சதா இருந்தா புள்ளி எல்லாம் வரிசையா, பூப் பூவா ஒரே சீரா இருக்கும். சட்டம் பழசா இருக்குறத வச்சு மட்டும் நம்பாதீங்க, பழைய சட்டத்துக்குள்ள புதுப் படம் சொருகுறது ரொம்ப சுலபம்.

எனாமல்ல அடியத் திருப்புங்க. ஸ்வீடன் கோக்கம்ஸ் கம்பெனி முத்திரை நம்ம பக்கம் நெறைய வரும், கலர் கலரா வாளி, மூடி போட்ட சட்டி, தட்டு. முத்திரை லேசா தேஞ்சு, விளிம்புல நாள்பட்ட துரு இருந்தா நல்ல அறிகுறி. ஆனா அழகுக்கு வைங்க. உள்பக்கம் பேத்துப் போன எனாமல்ல சமைக்காதீங்க, பழைய எனாமல் கலர்ல காரீயம், காட்மியம் மாதிரி உடம்புக்கு ஆகாதது இருக்க வாய்ப்பு உண்டு. பித்தளைக்கு ஒரு காந்தம் போதும், ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம். பித்தளைல புளி போட்டு சமைக்கணும்னா உள்ள வெள்ளீயம் பூசி வாங்கிக்கங்க, பூசுறவர்கிட்ட காரீயம் இல்லையே, வெள்ளீயம்தானான்னு கேட்டே பூசச் சொல்லுங்க.

கேள்வி: ஒரு தரகர் வாட்ஸ்அப்ல ஒரு ஐம்பொன் அம்மன் சிலை போட்டோ அனுப்பி, "பழைய செட்டியார் வீட்டுப் பூஜை அறைல இருந்தது, நூறு வருசத்துக்கு மேல"ன்னு சொல்றார். விலையும் கம்மியா இருக்கு. வாங்கலாமா?
பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்

பதில்: வேண்டாம். போட்டோவுக்குப் பதில் கூடப் போடாதீங்க.

தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம்னு 1972ல வந்தது இருக்கு. 100 வருசம் ஆன சிற்பம், ஓவியம் எல்லாம் அதுக்குள்ள வரும், கையெழுத்துச் சுவடிக்கு 75 வருசம். அந்த மாதிரிப் பொருள வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், சிலை வச்சிருக்குறவங்க பதிவு பண்ணியிருக்கணும், வெளிநாட்டுக்குத் தனியாள் கொண்டு போகவே முடியாது. பதிவுச் சான்று கேளுங்க, அந்தத் தரகர் அப்புறம் போனே எடுக்க மாட்டார். வீட்டுப் பூஜை அறைன்னு சொல்றது எல்லாம் வீட்டுல இருந்து வந்ததில்ல, கோவில்ல இருந்து போனதும் அதே கதையோட வரும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர், அந்த ஊர்க் கோவில்ல இருந்து திருட்டுப் போய், ஆஸ்திரேலியா தேசியக் கலைக்கூடத்துல போய் உக்காந்து, 2014லதான் திரும்பி வந்தார். தமிழ்நாடு போலீஸ்ல சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுன்னு 1983ல இருந்தே இருக்கு, சந்தேகமா இருந்தா அவங்களுக்குச் சொல்லலாம். பழைய சாமான் தெருவுல இருக்குற பெரும்பாலான கடைக்காரங்க இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு, சாமி சிலைன்னாலே "அது நம்ம கிட்ட கிடையாதுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுருவாங்க. உங்களுக்கும் அதுதான் நல்லது. சாமி விஷயத்துல யாரு வயித்தெரிச்சலயும் வாங்கிக் கட்டிக்க வேணாம்.

கேள்வி: மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டுப் பேசுறாங்களே, அது எதுக்கு?
பத்தாம் வகுப்பு மாணவி, திருப்பத்தூர்

பதில்: அருமையான கேள்வி பாப்பா. மணப்பாறை மாதிரிப் பெரிய மாட்டுச் சந்தைல இத இன்னைக்கும் பாக்கலாம். தரகர் தோள்ல கெடக்குற துண்ட எடுத்து தன் கை மேலயும் வாங்குறவர் கை மேலயும் போடுவார், உள்ள விரலப் பிடிச்சு அமுக்கிக் கணக்குச் சொல்வார். எத்தனை விரல், முழு விரலா பாதி விரலான்னு ஒரு கணக்கு இருக்கு, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சுத்தி நிக்கிறவங்களுக்கு விலை தெரியக் கூடாது, அதுக்குத்தான் துண்டு. பக்கத்துல இன்னொருத்தரும் அதே மாதிரி காளை வச்சிருப்பார், இந்த விலை வெளிய தெரிஞ்சா அவர் வியாபாரமும் கெடும். வாங்குறவருக்கும் கட்டுப்படியாகாம கைய எடுத்துட்டா யாரு முன்னாலயும் தலைகுனிவு இல்ல. விரல் உள்ள பேசுறப்ப வாய் வெளிய மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும், கண்ணு மட்டும் ஒருத்தர ஒருத்தர் விடாது. அப்பாகூடப் போறப்ப முகத்தப் பாரு, விலை படிஞ்சுச்சா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுரும்.

கேள்வி: வாரச்சந்தைலயும் பழைய சாமான் கடைலயும் ரீல்ஸ் எடுக்கிறேன். போன வாரம் ஒரு கடைக்காரர் கோபப்பட்டுப் போனக் கீழ எறக்குன்னு சத்தம் போட்டுட்டார். அவங்களுக்கு இலவச விளம்பரம்தானே, ஏன் கோபம்?
ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா? கடிதத்துல அது இல்ல, அதனால கேக்கறேன்.

அவர் பக்கம் நின்னு பாருங்க. மேல சொன்ன மாதிரி விலாசம் போட்ட ஒரு அண்டா வாசல்ல இருக்கு, அது உங்க ரீல்ஸ்ல வந்து, அந்த வீட்டுப் பிள்ள சிங்கப்பூர்ல பாத்துட்டு, "எங்க அப்பத்தா அண்டா கடைக்குப் போயிருச்சா"ன்னு ஊருக்குப் போன் போட்டா, அடுத்த நாள் அந்தக் கடைக்காரர் வாசல்ல பஞ்சாயத்து. அவர நம்பி ரகசியமாக் கொடுத்த ஒரு குடும்பம் தலைகுனியும். உங்களுக்கு அது முப்பது செகண்ட் வீடியோ. சந்தைல தரைல சாக்கு விரிச்சு கீரை விக்கிற பாட்டிக்கும் இதேதான், வேர்வையும் கலைஞ்ச முடியுமா இருக்குற நேரத்துல கேக்காம மூஞ்சி முன்னால கேமராவ நீட்டுனா யாருக்குத்தான் பிடிக்கும்? காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு, பஸ்ல மூட்டைய ஏத்த கண்டக்டர்கிட்ட பேசி, எடம் பிடிச்சு உக்காந்தவங்க.

எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, உங்க வீடியோ எல்லாம் நல்லா இருக்குங்கிறதையும் கடிதத்தோட நீங்க அனுப்புனதப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மொதல்ல போன உள்ள வச்சுட்டுப் போங்க. ஏதாச்சும் வாங்குங்க, ரெண்டு கட்டுக் கீரையாவது. பேசுங்க, அடுத்த வாரமும் அதே எடத்துக்குப் போங்க, பேரச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் பழகுங்க. அதுக்கப்புறம் "பாட்டி உங்கள ஒரு வீடியோ எடுக்கட்டா"ன்னு கேட்டுப் பாருங்க, அவங்களே முந்தானைய இழுத்து விட்டு, பக்கத்துக் கடைக்காரிய "தள்ளி உக்காருடி"ன்னு சொல்லிட்டு உக்காருவாங்க. பழைய சாமான் கடைல விலாசம் தெரியாம எடுங்க, எடுத்தத அவர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. அந்தக் கோபப்பட்ட அண்ணன்கிட்ட போய் ஒரு வார்த்த பேசிட்டு வந்துருங்க, அவங்க கோபம் அன்னைக்கோட சரி.

கேள்வி: பத்து வயசுப் பையன் லீவுக்கு வர்றான். 100 ரூபா கொடுத்து அந்தத் தெருவுல விட்டா அவனால என்ன வாங்க முடியும்?
ஒரு தாத்தா, கோட்டையூர்

பதில்: நெறைய வாங்கலாம் ஐயா! பழைய காசு வச்சிருக்குற கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுவுல ஓட்டை போட்ட ஓட்டைக் காலணா, 1943ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சது, தேஞ்சதா இருந்தா அவன் காசுக்குள்ள வரும். யுத்த காலத்துல உலோகத் தட்டுப்பாடு, அதான் ஓட்டை போட்டு மிச்சம் பிடிச்சாங்கன்னு சொல்லிக் கொடுங்க. அப்படியே 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அணா போய் நயா பைசா வந்ததுங்கிறதையும் சொல்லிருங்க, ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணான்னா பயல் நம்ப மாட்டான், நீங்கதான் கணக்குப் போட்டுக் காட்டணும். பழைய தீப்பெட்டிப் படம், ஸ்டாம்பு, ரங்கூன் முத்திரை குத்துன போஸ்ட் கார்டு, இதுலயும் ஏதாச்சும் சிக்கும்.

பேரத்த அவனே பேசட்டும், நீங்க நாலடி தள்ளி நில்லுங்க. குறுக்க பேசாதீங்க, என்னதான் கை துறுதுறுன்னாலும். சின்னப் பிள்ளைங்க வந்து மரியாதையா "அண்ணே இது எந்த ஊருது"ன்னு கேட்டா அந்தக் கடைக்காரங்க கொறைச்சுக் கொடுக்கறதோட சும்மாவே ஒண்ணு கூடப் போட்டுக் கொடுப்பாங்க. 100 ரூபாய ஒரே நோட்டாக் கொடுத்து விடாதீங்க, பத்து ரூபாயா மாத்திக் கொடுங்க. முழு நோட்டக் கைல பிடிச்சுக்கிட்டு "என்கிட்ட முப்பது ரூபாதாண்ணே இருக்கு"ன்னு அவனால சொல்ல முடியாதுல்ல.